ஒரே பேரிங்குக்கு ஐந்து பெயர்

அன்று காலை ஏழரை மணிக்கு மில் வாசலிலேயே ரிங் பிரேம் என்னும் நூற்பு இயந்திரங்களைப் பார்க்கும் ஃபிட்டர் என்னைப் பிடித்துக்கொண்டார். கையில் இரண்டு வேலைச் சீட்டுகள்.

“சார், ஏழாம் நம்பர் மிஷினுக்கு ஸ்பிண்டில் ஆயில் மாத்தச் சொல்லி ரெண்டு சீட்டு வந்திருக்குதுங்க. ரெண்டு தடவ மாத்தோணுங்களா?”

கேலி செய்கிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. முப்பது வருட ஃபிட்டர்களின் முகம் அப்படித்தான் இருக்கும். சீட்டுகளை வாங்கிப் பார்த்தேன். மிஷின் பெயர் ஒன்று, வேலை ஒன்று, தேதி ஒன்று. மேலே இருந்த எண் மட்டும் வேறு வேறு. வயிற்றில் ஏதோ புரண்டது. ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தால், 412 இயந்திரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் 824 இருந்தன.

பல்லடம் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் பராமரிப்பைத் திட்டமிடுவது என் வேலை. அதுவரைக்கும் எங்கள் பராமரிப்பு என்பது கொஞ்சம் எக்செல், கொஞ்சம் நீள ரிஜிஸ்டர், மீதி ஸ்டோர்காரரின் ஞாபகம். அந்த வருடம்தான் பராமரிப்புக்கென்றே ஒரு மென்பொருள் வாங்கினோம். சிஎம்எம்எஸ் என்பார்கள். எந்த இயந்திரத்துக்கு எப்போது என்ன செய்ய வேண்டும், யார் செய்தார்கள், என்ன உதிரி போட்டார்கள் என்று எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்திருக்கும். முந்தைய நாள் மாலை நான் இயந்திரப் பட்டியலை ஏற்றினேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம் ‘நேரம் முடிந்துவிட்டது’ என்று ஒரு செய்தி. சரி, போகவில்லை போல என்று மறுபடி அழுத்தினேன். இரண்டாவது முறை சட்டென்று முடிந்தது. சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விட்டேன்.

உண்மையில் முதல் முறையே பட்டியல் உள்ளே போயிருந்தது. போய்விட்டது என்ற பதில்தான் என் திரைக்கு வந்து சேரவில்லை. மென்பொருள் ஒவ்வொரு வரிக்கும் தானாக ஒரு புது எண் போட்டுக்கொள்ளும் என்பதால் இரண்டாவது தடவை வந்த வரிகள் எதோடும் மோதவில்லை. 412 புது இயந்திரங்கள் வந்திருக்கின்றன என்று அது நம்பியது. ரிங் பிரேம் என்றால் இந்தந்த வேலை என்று வகைக்கு ஒரு அட்டவணை வைத்திருந்தோம். புதிதாக வந்த ஒவ்வொன்றுக்கும் அது தன் கடமையைச் செய்து, அட்டவணையையும் ஒட்டிக்கொடுத்துவிட்டது.

அழித்துவிட்டால் போகிறது என்று நினைத்தேன். ஆனால் அதற்குள் மூன்றாம் ஷிப்டில் சிலர் முதல் பிரதியின் சீட்டையும், சிலர் இரண்டாம் பிரதியின் சீட்டையும் முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். வரலாறு ஒட்டிக்கொண்ட பதிவை அழிக்க மென்பொருள் சம்மதிக்காது. சம்மதிக்கவும் கூடாது. ஆக, ஐந்து விநாடியில் செய்த காரியத்தை அவிழ்க்க இரண்டு வாரம் ஆனது. எந்தப் பிரதியில் வரலாறு அதிகமோ அதை வைத்துக்கொள்வது, மற்றதன் வேலைகளை அதற்கு மாற்றுவது, காலியான பிரதியை ‘பயன்பாட்டில் இல்லை, இன்ன எண்ணைப் பார்க்கவும்’ என்று எழுதி மூடுவது. இப்படி ஒவ்வொன்றாக.

மென்பொருள் கொடுத்தவர்களைக் கேட்டபோது, “அடையாளப் பத்தியை நீங்க குறிக்கலையே சார்” என்றார்கள். பட்டியலில் எந்த நெடுவரிசை இயந்திரத்தின் அடையாளம் என்று நான் குறித்திருக்க வேண்டுமாம். பயிற்சியில் அதை யாரும் சொல்லவில்லை. இருந்தாலும் அவர்கள் சொன்னது சரிதான். இந்த மாதிரி மென்பொருட்களில் ஏற்றுவதற்கு வழக்கமாக மூன்று வழி இருக்கும்: புதிதாக மட்டும் சேர், இருப்பதை மட்டும் திருத்து, இருந்தால் திருத்து இல்லையென்றால் சேர். கடைசி வழிதான் நமக்கு வேண்டியது. ஆனால் ‘இருந்தால்’ என்றால் எதை வைத்துப் பார்ப்பது? அதை நாம்தான் சொல்ல வேண்டும். ஐபிஎம்மின் மேக்ஸிமோ என்ற பராமரிப்பு மென்பொருளில் சொத்து எண்ணும் அது இருக்கும் தளமும் சேர்ந்தால் ஓர் அடையாளம். அதே ஜோடி மறுபடி வந்தால் அது இன்னொரு இயந்திரமாக ஆக முடியாது. எங்கள் மென்பொருளில் அந்தப் பூட்டைப் போடுகிற வசதி இருந்தது. நான் போடவில்லை. அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். எந்தப் பட்டியலாக இருந்தாலும் முதலில் பத்து வரியை மட்டும் வெட்டி எடுத்து, சோதனைத் தளத்தில் வேண்டுமென்றே இரண்டு முறை ஏற்றுவேன். இரண்டாவது முறை ‘புதிது 0, திருத்தம் 10’ என்று வர வேண்டும். ‘புதிது 10’ என்று வந்தால் மேற்கொண்டு ஒரு வரிகூட ஏற்றக் கூடாது. பத்து நிமிட வேலை. இதை எனக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் அந்த இரண்டு வாரத்தில் ஊருக்குப் போய் வந்திருப்பேன்.

ஆனால் ஒரே கோப்பு இரண்டு முறை போனதால் வந்த இரட்டை, இரட்டைகளிலேயே சாது. அச்சு அசலாக ஒன்று போல இருக்கும், கணினியே கண்டுபிடித்துவிடும். கணினியின் கண்ணுக்குப் படாத இரட்டைகள்தான் ஆளைக் கொல்லும்.

முதல் சந்தேகத்துக்குரியவர் எக்செல். எங்கள் பழைய இயந்திர எண்கள் 0047 என்பது போல நான்கு இலக்கம். சிஎஸ்வி கோப்பை, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பை, எக்செல்லில் இரட்டைச் சொடுக்கில் திறந்து, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திச் சேமித்தால் 0047 வெறும் 47 ஆகிவிடும். அடுத்த முறை ஏற்றும்போது மென்பொருள் 47ஐத் தேடும். அதனிடம் இருப்பதோ 0047. கிடைக்காது. புதிதாக ஒன்றைப் பெற்றெடுக்கும். எஸ்ஏபி மாதிரிப் பெரிய மென்பொருட்களில் இதே கதை வேறு உருவத்தில் வரும். எண்ணாக உள்ள உபகரண எண்ணுக்கு முன்னால் பூஜ்யங்களை நிரப்பி 18 இடமாக்கித்தான் உள்ளே வைத்துக்கொள்ளும். திரையில் காட்டும்போது பூஜ்யங்களை எடுத்துவிடும். திரையில் பார்த்ததை அப்படியே நகலெடுத்து வேறொரு பட்டியலோடு பொருத்தப் போனால் ஒன்றும் பொருந்தாது.

ஸ்பேனர் கதை இன்னும் அழகு. இரண்டு முனையும் உள்ள ஸ்பேனரை 8-9, 10-11 என்றுதான் எழுதுவோம். எக்செல் அவற்றை 8 செப்டம்பர், 10 நவம்பர் என்று படித்துக்கொண்டது. கருவிகள் பட்டியலில் ‘ஸ்பேனர், 10 நவம்பர்’ என்று ஒரு வரி மூன்று மாதம் இருந்தது. அது என்றைக்கோ வாங்கிய ஸ்பேனர் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். இதில் நாங்கள் தனி ஆள் இல்லை. மார்ச்1, செப்ட்1 என்று பெயர் வைத்திருந்த மனித மரபணுக்களை எக்செல் தேதியாக மாற்றி மாற்றி ஆய்வுக் கட்டுரைகளைக் கெடுத்ததால், 2020இல் பெயர் சூட்டும் குழு மரபணுக்களின் பெயரையே மாற்றியது. எக்செல் வழிக்கு வரும் என்று அவர்களுக்கே நம்பிக்கை இல்லை போல. 2023இல்தான் மைக்ரோசாஃப்ட் இந்தத் தானியங்கி மாற்றத்தை அணைத்துவைக்க ஒரு வசதி கொடுத்தது. நான் இப்போது கோப்பைச் சொடுக்கித் திறப்பதே இல்லை. எக்செல்லுக்குள் போய் ‘டேட்டா’ வழியாக உள்ளே எடுக்கும்போதே எண் பத்திகளை எழுத்து வகை என்று குறித்துவிடுவேன்.

அப்புறம் இடைவெளி. வரியின் கடைசியில் ஒட்டியிருக்கும் ஒரு வெற்று இடம் கண்ணுக்குத் தெரியாது. கணினிக்கு அது ஓர் எழுத்து. எக்செல்லின் ‘டிரிம்’ ஃபார்முலா போட்டால் போய்விடும் என்பார்கள். போகும், சாதாரண இடைவெளியாக இருந்தால். இணையப் பக்கத்திலிருந்தோ சில பிடிஎஃப்களிலிருந்தோ நகலெடுத்தால் வருவது உடையா இடைவெளி, 160ஆம் எண் எழுத்து. டிரிம் அதைத் தொடாது. எங்கள் பட்டியலில் பாதி ‘வித்தியாசங்கள்’ இந்த ஒரு எழுத்தால் வந்தவை. முதலில் 160ஐ சாதாரண இடைவெளியாக மாற்றி, அப்புறம் டிரிம் போட வேண்டும்.

நம் எழுத்துக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. ஃபிட்டர்கள் செல்போனில் தமிழில் எழுதினால்தான் ஒழுங்காக எழுதுகிறார்கள் என்று நாங்கள் பாகங்களின் பெயரைத் தமிழிலும் வைத்தோம். ‘மோட்டார்’ என்று தேடினால் பாதிதான் வந்தது. இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். விஷயம் இதுதான்: யூனிகோடில் ‘மோ’ என்பதை இரண்டு விதமாக எழுதலாம். மகரத்தோடு ஓகாரக் குறியை ஒரே எழுத்தாகச் சேர்க்கலாம்; அல்லது ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போடலாம். திரையில் ஒரு புள்ளிகூட மாறாது. உள்ளே எழுத்தெண்ணிக்கையே வேறு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் கொம்பும் காலும் தனியாக வந்திருந்தன. ஏற்றுமுன் எல்லாவற்றையும் யூனிகோடின் சேர்ப்பு வடிவத்துக்குக் கொண்டுவந்தால் இது சரியாகிவிடும். ‘ஸ்ரீ’க்கு அந்த மருந்தும் வேலை செய்யாது. அதைச் ‘ஸ’ வைத்தும் எழுதலாம், 2005இல் யூனிகோடுக்கு வந்த ‘ஶ’ வைத்தும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம், கணினிக்கு இரண்டும் வேறு வேறு எழுத்து. அதை நாமாகத் தேடி மாற்ற வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் ஸ்ரீ இல்லாமல் ஒரு கடைப் பெயராவது உண்டா?

இதெல்லாம் எழுத்துக் கோளாறு. பொறுமை இருந்தால் மேஜையை விட்டு எழாமலே தீர்த்துவிடலாம். நான் சொல்ல வந்தது இதற்கு அப்பால். ஒன்றும் ஒன்றும் ‘ஒன்றுதானா’ என்ற கேள்விக்குக் கோப்பில் பதில் இல்லாத இடங்கள் இருக்கின்றன. பதில் ரேக்கில் இருக்கிறது, அல்லது ஒரு மனிதரிடம் இருக்கிறது.

எங்கள் ஸ்டோர்காரரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். ஓய்வு பெற அப்போது ஒரு வருடம் இருந்தது. உதிரிப் பட்டியலை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அதில் இப்படி ஐந்து வரிகள்: ‘பேரிங் 6205 இசட்இசட்’, ‘6205-2இசட்’, ‘பால் பேரிங் 6205 2ஆர்எஸ்’, ‘6205 டிடியூ’, ‘பேரிங் 25x52x15’. அவர் பட்டியலைப் பார்க்கவே இல்லை. எழுந்து போய் ஐந்து இடங்களிலிருந்தும் ஒவ்வொரு பெட்டி எடுத்துவந்தார். மேஜையில் பழைய தினசரியை விரித்து, பேரிங்குகளை வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றின் முகத்தையும் கட்டைவிரலால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்து, பொறித்திருந்த எழுத்தைப் படித்தார்.

“இந்த ரெண்டும் தகரம் போட்டது தம்பி. கம்பெனிதான் வேற, சாமான் ஒண்ணுதானுங்க. இந்த ரெண்டும் ரப்பர் போட்டது. அதுவும் ஒண்ணு. அஞ்சாவது பொட்டி எனக்கே தெரியாது, பிரிச்சாத்தான் தெரியும்.”

பிரித்தார். உள்ளே மூன்று தகரம், இரண்டு ரப்பர்.

6205 என்றால் உள்துளை 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52, தடிமன் 15. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் துளை வந்துவிடும். 04க்கு மேல் இந்தக் கணக்கு சரியாக இருக்கும். அளவில் ஐந்து வரியும் ஒன்றே. வித்தியாசம் மூடியில். பேரிங் கம்பெனிகளில் எஸ்கேஎஃப் 2இசட் என்று எழுதும் உலோக மூடியை என்எஸ்கே இசட்இசட் என்று எழுதும். எஸ்கேஎஃப்பில் 2ஆர்எஸ் என்று தொடங்கும் ரப்பர் மூடி என்எஸ்கேயில் டிடியூ, என்டிஎன்னில் எல்எல்யூ. பஞ்சு பறக்கும் இடத்தில் ரப்பர் மூடிதான் நிற்கும் என்பார் எங்கள் ஃபிட்டர். தகரம் போட்டால் இடுக்கு வழியாகப் பஞ்சு போய்விடும். ஆகவே பெயர் ஐந்து, பொருள் இரண்டு, அதில் ஒரு பெயருக்குள் இரண்டு பொருளும் கலந்து கிடக்கிறது. எந்த ஃபார்முலாவாலும் இதைச் சொல்லியிருக்க முடியாது.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ‘6205 டிடியூ இருப்பு 0’ என்று காட்டியதால் கோயம்புத்தூருக்கு ஆள் அனுப்பி, கடைக்காரரை வீட்டிலிருந்து வரவழைத்து நான்கு பேரிங் வாங்கியிருக்கிறோம். அதே ரப்பர் பேரிங் இருபத்திரண்டு, மூன்று ரேக் தள்ளி, ‘2ஆர்எஸ்’ என்ற பெயரில் தூங்கிக்கொண்டிருந்தது.

வி-பெல்ட்டும் இதே ரகம். ‘பி-62’, ‘பி 62’, ‘பி62’ மூன்றையும் கோடு, இடைவெளி எடுத்துவிட்டால் கணினியே சேர்த்துவிடும். ஆனால் ‘பி 1575’ என்று இன்னொரு வரி இருந்தது. 62 என்பது உட்சுற்றளவு அங்குலத்தில், 1575 அதே சுற்றளவு மில்லிமீட்டரில். இது தெரிந்தவருக்கு ஒரு பார்வை போதும். தெரியாத மென்பொருளுக்கு இரண்டும் வேறு வேறு சாதி.

அன்றே ஒரு முடிவெடுத்தோம். பொருளின் பெயரை வைத்து எதையும் பொருத்துவதில்லை. பெயர் மனிதர்கள் படிப்பதற்கு. பொருத்துவதற்கு அதன் குணங்களைத் தனித்தனிப் பத்தியாகப் பிரித்தோம்: வகை, அளவு, மூடி, உள் இடைவெளி. இந்த நான்கும் ஒன்றானால்தான் ஒரே பொருள். எந்தக் கம்பெனி, அதன் எண் என்ன என்பதெல்லாம் அந்தப் பொருளுக்குக் கீழே தொங்கும் ஒரு துணைப்பட்டியல். ஒரு பொருளுக்கு எத்தனை கம்பெனி எண் வேண்டுமானாலும் இருக்கலாம். பழைய ரிஜிஸ்டர் எண்ணையும் தூக்கிப் போடவில்லை, ‘பழைய எண்’ என்று ஒரு பத்தியில் வைத்துக்கொண்டோம். இன்றைக்கும் வயதான ஃபிட்டர்கள் அந்த எண்ணைச் சொல்லித்தான் கேட்கிறார்கள்.

நான்காவது குணமான உள் இடைவெளியைச் சும்மா சேர்க்கவில்லை. அதற்கு ஒரு மோட்டாரைக் காவு கொடுத்தேன். ஆரம்பத்தில் இரட்டைகளை ஒழிக்கும் வேகத்தில் ‘6312’ஐயும் ‘6312 சி3’யையும் ஒன்றாக்கிவிட்டேன். சி3 என்பது யாரோ எழுதிய ரேக் எண் என்று நினைத்துக்கொண்டேன், சத்தியமாக. அது பேரிங்குக்குள் குண்டுகளுக்கும் வளையத்துக்கும் இருக்கும் இடைவெளி வழக்கத்தைவிடக் கூடுதல் என்பதற்கான குறி. மோட்டார் ஓடி அச்சு சூடேறும்போது உள்வளையம் விரியும். அதற்கு இடம் விடத்தான் அந்தக் கூடுதல். சாதாரண 6312 ஒன்று மோட்டாரில் ஏறி, சில நாளில் கத்த ஆரம்பித்தது. எலெக்ட்ரீஷியன் மோட்டாரைக் கழற்றிவைத்துவிட்டு என் மேஜைக்கு வந்து பழைய பேரிங்கையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

அதனால் இரட்டைப் பதிவைத் தடுப்பது பற்றி யார் பேசினாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: தப்பாகச் சேர்ப்பதை எப்படித் தடுப்பீர்கள்? இரண்டாக இருப்பதை நாளை ஒன்றாக்கலாம், வேலை அதிகம், அவ்வளவே. ஒன்றாக்கியதைப் பிரிக்கவே முடியாது. எந்த வரலாறு எதனுடையது என்பது கலந்துபோயிருக்கும். எக்செல்லில் ‘இரட்டைகளை நீக்கு’ என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அது முதல் வரியை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தூக்கிவிடும்; எத்தனை போயிற்று என்று மட்டும் சொல்லும், எது போயிற்று என்று சொல்லாது. உதிரிப் பட்டியலில் அந்தப் பொத்தானை அழுத்த எங்கள் அலுவலகத்தில் இப்போது யாருக்கும் துணிச்சல் இல்லை.

இயந்திரங்களுக்கு வந்தால், அங்கே குழப்பம் வேறு மாதிரி. எங்களிடம் மோட்டார்களுக்கு இரண்டு பட்டியல்கள் இருந்தன. எலெக்ட்ரீஷியனின் பட்டியலில் ‘ரிங் பிரேம் 7 மெயின் மோட்டார், 50 எச்பி’. ஸ்டோரில் இருந்த ரீவைண்டிங் (எரிந்த மோட்டாருக்குக் கம்பி மாற்றிச் சுற்றுவது) ரிஜிஸ்டரில் கம்பெனி சீரியல் எண்ணும், ‘37 கிலோவாட்’ என்றும். 50 எச்பியும் 37 கிலோவாட்டும் ஒரே மோட்டார்தான். இரண்டு பட்டியலையும் சேர்த்து ஏற்றியபோது ஒவ்வொரு மோட்டாரும் இரண்டானது. சரி, சீரியல் எண்ணை எடுத்துக்கொண்டுபோய் ஒவ்வொரு மிஷினாகப் பார்த்து ஜோடி சேர்த்துவிடலாம் என்று கிளம்பினேன். ஒரு வாரம் பார்த்தேன். அடுத்த மாதமே ஏழாம் நம்பர் மோட்டார் எரிந்து, ஸ்டோரில் இருந்தது அங்கே ஏறியது. எரிந்தது ரீவைண்டிங் போய்த் திரும்பிவந்து பதினொன்றாம் நம்பரில் உட்கார்ந்தது. நான் சேர்த்த ஜோடிகளெல்லாம் கலைந்துவிட்டன.

அப்போதுதான் உறைத்தது. அவை இரட்டைப் பதிவுகளே இல்லை. ஒன்று இடம், மற்றது பொருள். ‘ஏழாம் நம்பர் மெயின் மோட்டார்’ என்பது ஒரு நாற்காலி. சீரியல் எண் உள்ள மோட்டார் அதில் உட்காருகிற ஆள். ஆள் மாறுவார், நாற்காலி அங்கேயே இருக்கும். ஏழாம் நம்பரில் மோட்டார் அடிக்கடி எரிகிறதென்றால் பழுது அந்த நாற்காலியில், பெல்ட் இழுவையிலோ மின் இணைப்பிலோ. ஒரே சீரியல் எண் எங்கே போனாலும் எரிகிறதென்றால் ரீவைண்டிங் கடையைக் கேட்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கியிருந்தால் இந்த இரண்டு கேள்வியுமே செத்துப்போயிருக்கும். பெரிய மென்பொருட்கள் எல்லாம் இடத்துக்கு ஒரு பட்டியல், பொருளுக்கு ஒரு பட்டியல் என்று தனித்தனியாக வைத்திருப்பதன் காரணம் எனக்கு அந்த வாரம்தான் புரிந்தது. மென்பொருளின் கையேட்டில் நான்கு பக்கம் இதைத்தான் எழுதியிருந்தார்கள், பயிற்சியிலும் சொன்னார்கள். மோட்டார் எரிந்தால்தான் புரியும் போல.

ஏழாம் நம்பர் என்று சுலபமாகச் சொல்கிறேன். அதுவும் இரண்டு. பழைய ஷெட்டில் ரிங் பிரேம்கள் 1 முதல் 12. புது ஷெட் கட்டியபோது அங்கேயும் 1 முதல் 12 என்று பெயின்ட் அடித்துவிட்டார்கள். ஆட்கள் ‘பழைய ஏழு’, ‘புது ஏழு’ என்று பேசிக்கொள்வார்கள், குழப்பமே வந்ததில்லை. கோப்பில் இரண்டும் ‘ரிங் பிரேம் 7’. யாராவது அக்கறையுள்ளவர் இரட்டை என்று ஒன்றை நீக்கியிருந்தால், ஒரு இயந்திரம் எண்ணெய் காணாமல் வருடக்கணக்கில் ஓடியிருக்கும்.

கடைகளின் பட்டியல் இதோடு ஒப்பிட்டால் சுகம். ஜிஎஸ்டி எண் இருக்கிறது. 15 எழுத்து, முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33, அடுத்த பத்து அந்த நிறுவனத்தின் பான் எண். கோயம்புத்தூர்க் கிளைக்கும் பெங்களூர்க் கிளைக்கும் ஜிஎஸ்டி எண் மாறும், நடுவில் உள்ள பத்து மாறாது. முழு எண்ணை அடையாளமாக வைத்து, நடுப் பத்தை வைத்துச் சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்தோம். பெயரை வைத்துப் பார்த்தபோது ஆறாக இருந்த ஒரு கடை இரண்டாகச் சுருங்கியது. ஜிஎஸ்டி இல்லாத லேத் பட்டறைகள் கொஞ்சம்தான். அவற்றைக் கையால் பார்த்தோம். ஆட்களுக்கு டோக்கன் எண். இனிஷியலை முன்னால் போட்டு ஒரு பட்டியல், பின்னால் போட்டு ஒரு பட்டியல் வைத்திருக்கும் நம் நாட்டில் பெயரை வைத்து ஆளைப் பொருத்தப் போகிறவரை ஆண்டவன்தான் காப்பாற்ற வேண்டும்.

உதிரிகளுக்கு அப்படி ஒரு எண் வெளியிலிருந்து வராது. மூன்று குவியல்தான் ஒரே வழி. நிச்சயமாக ஒன்று, நிச்சயமாக வேறு, பார்க்க வேண்டும். இது ஏதோ நானாகக் கண்டுபிடித்த கிராமத்து வைத்தியம் என்று நினைத்திருந்தேன். 1969இல் கனடாவின் புள்ளியியல் துறையைச் சேர்ந்த ஃபெல்லெகியும் சன்டரும் இரண்டு பதிவேடுகளில் உள்ள ஆட்களைப் பொருத்துவதற்குக் கணிதமே எழுதிவைத்திருக்கிறார்கள். அவர்கள் கணக்கின் முடிவிலும் மூன்றுதான்: சேர், சேர்க்காதே, ஒரு ஆள் உட்கார்ந்து பார்க்கட்டும். கணக்கின் சாமர்த்தியமெல்லாம் அந்த மூன்றாம் குவியலைச் சின்னதாக்குவதில்தான், இல்லாமலாக்குவதில் இல்லை. எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு எத்தனை மாற்றம் என்று எண்ணும் முறைகளையும் நான் முயன்றேன். அவை ‘பேரிங்’, ‘பியரிங்’ இரண்டையும் அழகாகச் சேர்க்கும். 6205க்கும் 6206க்கும் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம் என்று அவற்றையும் அதே சந்தோஷத்தோடு கொண்டுவந்து நீட்டும். உதிரிப் பட்டியலில் சொற்களுக்கு இளகிய அளவுகோல், எண்களுக்கு இரும்பு அளவுகோல் என்று பிரித்துவைத்த பிறகுதான் அது உருப்பட்டது.

எங்கள் மூன்றாம் குவியலில் 340 வரிகள். அண்ணாவும் நானும் மூன்று நாள் ஸ்டோரில் உட்கார்ந்தோம். அவர் எடுத்துவருவார், வெர்னியர் வைத்து அளப்பார், சொல்வார். நான் எழுதுவேன். அந்த மூன்று நாளும் உதிரி வாங்குவதையும் பழைய எக்செல்லில் புது வரி சேர்ப்பதையும் நிறுத்திவைக்கச் சொல்லியிருந்தோம். அப்படியும் கணக்குப் பிரிவில் ஒருவர் பழைய பழக்கத்தில் நான்கு வரி சேர்த்துவிட்டார். கடைசி நேரத்தில் எண்ணிக்கை இடித்ததால் தெரிந்தது. பழைய கோப்பைப் பூட்டாமல், ‘யாரும் தொடாதீங்க’ என்று சொல்லி மட்டும் வைப்பது வேலைக்காகாது.

இரண்டாம் முறை ஏற்றும்போது வரிசையும் முக்கியம். முதலில் இடங்கள், அப்புறம் இயந்திரங்கள், அப்புறம் கடைகள், உதிரிகள், கடைசியில்தான் அட்டவணைகள். மாற்றிச் செய்தால், இல்லாத இடத்தைச் சொல்லும் இயந்திரத்துக்காகச் சில மென்பொருட்கள் அந்த இடத்தைத் தாமாகவே உருவாக்கிவிடும். பிறகு நீங்கள் இடங்களை ஏற்றும்போது இரட்டை தயார். ஒவ்வொரு முறையும் ஏற்றும் வரிகளுக்கு ஒரு தொகுதிக் குறி போட்டோம், ஏதாவது ஆனால் அந்தத் தொகுதியை மட்டும் பிடுங்கி எறிய. இன்னொன்று: திருத்தும் முறையில் ஏற்றும்போது, கோப்பில் காலியாக உள்ள கட்டம் உள்ளே இருக்கும் விவரத்தை அழிக்குமா, விட்டுவிடுமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அழித்தது. நல்லவேளை, சோதனைத் தளத்தில்.

உதிரிப் பட்டியல் 1,460 வரியிலிருந்து 1,126 ஆகி உள்ளே போனது. மறுபடி அதே கோப்பை ஏற்றினேன். ‘புதிது 0, திருத்தம் 1,126’. அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

அதற்கப்புறமும் இரட்டைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன, இம்போர்ட் வழியாக இல்லை. இரவு ஷிப்டில் ஃபிட்டர் ஒரு பெல்ட்டைத் தேடுவார், கிடைக்காது, ‘புதிது சேர்’ என்று அழுத்துவார். தேடுகிற பெயரில் அது இல்லை என்பதுதான் காரணம். அவரைத் திட்டிப் பயனில்லை. அவர் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடினார் என்று பார்த்து, அதை அந்தப் பொருளின் மாற்றுப் பெயராகச் சேர்த்துவிடுகிறேன். பட்டை, பெல்ட்டு, வார், எல்லாம் இப்போது பெல்ட்டுக்கே போய்ச் சேரும். புது உதிரியை நேரடியாகச் சேர்க்கும் உரிமையை எடுத்துவிட்டு, ‘கோரிக்கை’ என்று வைத்தோம். காலையில் வந்ததும் அவற்றைப் பார்ப்பதுதான் என் முதல் வேலை, தேநீருக்கும் முன்னால்.

மூன்றாம் குவியலில் தீராமல் கிடந்தவை பதினேழு. இப்போது மூன்று. அதில் ஒன்று ரேக் 14இல் இருக்கும் ட்விஸ்ட் பினியன், நூலின் முறுக்கை மாற்றும் பல்சக்கரம். ‘57 பல்’ என்று இரண்டு வரிகள். பல் எண்ணிக்கையும் ஒன்று, துளையும் ஒன்று. சாவிக் காடி மட்டும் ஒன்றில் ஒரு நூல் அகலம் போலத் தெரிகிறது. தேய்மானமா, வேறு மாடலா என்று எங்களில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அண்ணா ஓய்வு பெற்றுப் பொங்கலூர்ப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறார். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மறுநாள் கூப்பிட்டார்.

“போட்டோவுல எப்புடிங்க தம்பி சொல்றது. ஒண்ணாந்தேதி பேங்குக்கு வருவேன், அப்பக் கையில குடுங்க பாக்கலாம்.”

ரெண்டையும் ஒரு துணியில் சுற்றி என் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன்.